லேசர் சிகிச்சை தருபவர்களுக்கு: சீட்டில் அளவை எழுதுங்கள்

லேசர் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தோள்பட்டை வலிக்காக உங்களைப் போன்ற ஒருவரிடம் லேசர் (வெட்டும் லேசர் அல்ல, குறைந்த திறன் கொண்ட ஒளி) எடுத்துக்கொண்டவன் நான். வலி குறைந்தது, அதற்கு நன்றி. ஆனால் முதல் நாள் என்னிடம் சொன்னது, "இது உங்க எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்." கடைசி நாள் சீட்டில் இருந்தது, "லேசர், 10 முறை." இரண்டுமே என்னை உறுத்துகின்றன.

எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லாருக்கும் நல்லதா? முடக்குவாதம் வந்தவரின் மூட்டை அரிப்பதே அவருடைய சொந்த எதிர்ப்பணுக்கள்தான். அவரிடமும் இதையே சொல்வீர்களா?

ஆய்வகங்களில் கண்டது வேறு. ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியை, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உள்வாங்குகிறது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அப்புறம் நடப்பது அந்தச் செல் இருக்கும் நிலையைப் பொறுத்தது. அழற்சியில் கொதித்துக்கொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள், டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களைக் குறைவாகச் சுரப்பதைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அவை சண்டையை விட்டுப் புண்ணை ஆற்றும் வேலைக்கு மாறுவதும் உண்டு. லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களோ சில அளவுகளில் வேகமாகப் பெருகுகின்றன. ஒரே ஒளி ஓரிடத்தில் தூண்டுகிறது, இன்னோரிடத்தில் தணிக்கிறது.

இதில் அளவுதான் எல்லாம். 1967-இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், ரூபி லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்கச் சுண்டெலிகளின் முதுகை மழித்து ஒளி பாய்ச்சினார். புற்று வரவில்லை, மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. குறைந்த திறன் கொண்ட ஒளி செய்த வேலை அது. அளவு போதாவிட்டால் ஒன்றும் நடக்காது, மிஞ்சினால் கிடைத்த பலனும் போய்விடும், செல்லின் வேலை தடைபடவும் கூடும்.

கணக்கு எளிது. 100 மில்லிவாட் கருவியை 40 வினாடி வைத்தால் 4 ஜூல் ஆற்றல். அது 1 சதுர சென்டிமீட்டரில் விழுவதும் 4 சதுர சென்டிமீட்டரில் பரவுவதும் ஒன்றல்ல, இரண்டாவதில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கும் கிடைப்பது கால் பங்கு. கருவியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாலே அளவு மாறிவிடும். "லேசர், 10 முறை" என்பது மருந்தின் பெயரும் இல்லாமல், எத்தனை மில்லிகிராம் என்றும் இல்லாமல் "மாத்திரை, 10" என்று எழுதுவது போலத்தான்.

அளவை எழுதுவது முடியாத காரியமும் இல்லை. புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இந்த ஒளியைப் பன்னாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. அங்கே அலைநீளமும் ஜூலும் எண்களாகவே இருக்கின்றன.

அலைநீளம், திறன், ஒளி பட்ட பரப்பு, நேரம், எத்தனை புள்ளிகள். இவ்வளவையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "எதிர்ப்பு சக்தி கூடும்" என்பதை விட்டுவிட்டு, "அழற்சியைத் தணிக்கப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். நாளை என் வலி திரும்பி வந்து நான் வேறொருவரிடம் போனால், எங்கிருந்து தொடங்குவது என்று அவர் அந்தச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவன்