சைக்கிள்காரர் காலில் ஒட்ட வேண்டிய ரேடியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் சாலைப் பணியாளர்கள் போடுகிற மாதிரி மஞ்சள் கோட்டு போட வேண்டும், போடாதவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், பக்கத்தில் ஒரு விபத்தைப் பார்த்த வேதனை அந்தக் கடிதத்தில் தெரிந்தது. ஆனால் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் 28 வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அடிபட்ட சைக்கிள்களும் என் கடைக்குத்தான் வருகின்றன, அதனால் இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பகலில் அந்த மஞ்சள் நிறம் வேலை செய்யும். டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2012-13-ல் ஒரு வருடம் ஏறக்குறைய 6,800 சைக்கிள்காரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மஞ்சள் மேல்கோட்டு, மீதிப் பாதிப் பேருக்கு எதுவும் இல்லை. இன்னொருவரோடு மோதிக் காயம்பட்ட விபத்துகள் கோட்டு போட்டவர்களிடம் 47 சதவீதம் குறைவாக இருந்தன. விபத்தைச் சொன்னது அவரவரே என்பதால் கோட்டு போட்டவர்கள் கொஞ்சம் மறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று கழித்துப் பார்த்தும் 38 சதவீதம் வந்தது. சின்ன விஷயம் இல்லை இது. அதனால் கோட்டே வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அது எந்த ஊர்? சைக்கிளுக்கென்று தனிப்பாதை உள்ள ஊர்கள், காரோட்டுகிறவரே வீட்டில் சைக்கிள் வைத்திருக்கிற நாடு, எந்தத் திருப்பத்திலும் ஒரு சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுகிறார்கள். எங்கள் பக்கம் நாலுவழிச் சாலையில், எதிர்ப்பக்கத்து லாரி டிம் அடிக்காமல் வரும்போது, ஓரத்தில் கறுப்பாக அசைவது ஆளா புதரா என்றே தெரியாத நேரத்தில் நடக்கிற விபத்து வேறு வகை.

என் மைத்துனரையே சொல்கிறேன். மில் வேலை. கம்பெனியில் கொடுத்த மஞ்சள் கோட்டை ஒரு நாள்கூட விடாமல் போடுவார். ஷிப்ட் முடிந்து மாட்டுக்குத் தவிட்டு மூட்டையைக் கேரியரில் நிறுத்திக் கட்டிக்கொண்டு இருட்டில் வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு வேன் தட்டியது. இடுப்பு எலும்பு உடைந்து நாலு மாதம் படுக்கை. அந்த டிரைவர் ஓடவில்லை, இறங்கித் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான், 'சத்தியமா தெரியலண்ணே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரை நம்பினேன். சைக்கிள் கடைக்கு வந்தபோதுதான் காரணம் புரிந்தது: மூட்டை கழுத்து வரை நின்றிருக்கிறது, பின்னாலிருந்து பார்த்தால் கோட்டில் ஒரு விரற்கடைகூட வெளியே தெரியாது. சாக்கு நிறம் இருட்டோடு இருட்டாகப் போயிருக்கிறது. பின் மட்கார்டில் இருந்த சிவப்பு ரிப்ளெக்டர் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது, அதை நானே கவனித்து மாற்றியிருக்க வேண்டும்.

நம் ஊரில் சைக்கிளில் போகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பால்காரருக்குப் பின்னால் கேன், கட்டிட வேலைக்காரருக்குச் சட்டிப்பை, பூக்காரருக்குக் கூடை, பள்ளிப் பிள்ளைக்கு முதுகு முழுக்கப் புத்தகப்பை. முதுகில் போடும் கோட்டு இவர்களில் யாருக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்? மார்கழிக் குளிரில் அதற்கு மேல் போர்வையையும் போர்த்திக்கொள்வார்கள். கால் மட்டும்தான் எப்போதும் வெளியே தெரியும்.

அதோடு, அந்தப் பளிச்சிடும் மஞ்சள் இரவில் பளிச்சிடாது. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது, அதை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருவதால்தான் அந்தத் துணி பகலிலும், மேகமூட்டத்திலும், விடியற்காலையிலும் அப்படி எரிகிற மாதிரி தெரிகிறது. வண்டி விளக்கில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. இரவில் உதவுவது துணியின் நிறம் இல்லை, அதில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. அதைத்தான் நாம் ரேடியம் என்கிறோம். உண்மையில் அதில் ரேடியம் கிடையாது, பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளோ சின்னச் சின்னப் பட்டகங்களோதான் இருக்கின்றன, விளக்கு எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதே பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பட்டை அழுக்கேறினாலோ துவைத்துத் துவைத்துத் தேய்ந்தாலோ அதுவும் போச்சு. பஜாரில் விற்கும் மலிவுக் கோட்டுகளில் பட்டை என்று வெறும் வெள்ளி நிறத் துணியைத் தைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், வாங்குகிறவர்கள் செல்போன் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்து ஒருமுறை அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்தப் பட்டை எங்கே இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோன் உட் என்ற கண் மருத்துவ ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் இதை இரவில், மற்ற போக்குவரத்து இல்லாத சோதனைச் சாலையில் ஓட்டுநர்களை வண்டி ஓட்டவைத்துச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். கறுப்பு உடை போட்ட சைக்கிள்காரரை ஓட்டுநர்கள் கண்டுகொண்டது நூற்றுக்கு 2 தடவை. வெறும் மஞ்சள் மேல்சட்டை என்றால் 15. ரேடியம் பட்டை வைத்த மேல்சட்டை என்றால் 50. அதே சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90. இந்த நாலு எண்ணையும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, எத்தனை வருடமாக நானே முதுகுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து.

காரணம் எளிது. மேலும் கீழும் போய் வருகிற இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்தால் அது மனுஷன் கால் என்று மூளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அசையாத ஒரு பட்டை மைல்கல்லாகவும் இருக்கலாம், நிறுத்திவைத்த டிராக்டராகவும் இருக்கலாம். இன்னொன்று, டிம் லைட் தாழ்வாகத்தான் விழும், தூரத்திலிருந்து வரும் வண்டியின் வெளிச்சம் முதலில் படுவது காலில்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு விநாடி முன்னால் தெரிந்தால் அந்த ஆள் வீடு போய்ச் சேர்வார்.

எங்கள் பழனிச் சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு நடந்து வருகிற பக்தர்களுக்குப் போலீசாரும் ஊர்க்காரர்களும் ஒளிரும் குச்சியும் ஸ்டிக்கரும் கொடுக்கிறார்கள். கையில் வீசி நடக்கிறவர் எவ்வளவு தூரத்திலேயே தெரிகிறார், பையில் மட்டும் ஒட்டியவர் எவ்வளவு கிட்டே வந்த பிறகு தெரிகிறார் என்று அந்தச் சமயத்தில் இரவில் வண்டி ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம் அதே சாலையில் பக்தர்களுக்கென்று ஓரத்தில் கல் பதித்து நடைபாதை போட்டார்கள். அதில் இறங்கி நடக்கிறவர்களுக்கும் தார்ச்சாலையில் நடக்கிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் சட்டையாலும் கொண்டுவர முடியாது. சைக்கிளுக்கும் அப்படி ஒரு ஓரம் கேட்டால் ஏன் யாரும் காதில் வாங்குவதில்லை?

எந்தச் சட்டை போட்டாலும் சில ஓட்டுநர்கள் மாற மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் நடத்திய ஆய்வில் ஒருவர் ஏழு விதமான உடைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். முந்திச் சென்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டன என்று கருவி வைத்து அளந்தார்கள். உடையால் பெரிய வித்தியாசம் இல்லை, சராசரி 118 சென்டிமீட்டர் சுற்றியே இருந்தது. போலீஸ் என்று எழுதி, வீடியோ எடுக்கப்படுகிறது என்றும் போட்ட சட்டைக்கு மட்டும் ஒரு நாலு சென்டிமீட்டர் போல கூடுதலாக விட்டார்கள். எதைப் போட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டுதான் போனார்கள். அவர்களுக்கு ஆள் தெரியாமல் இல்லை. தெரிந்தே போகிறார்கள். அங்கே அபராதம் யாருக்கு?

அதனால்தான் கட்டாயம், அபராதம் என்ற பேச்சு எனக்குப் பயமாக இருக்கிறது. பிரான்சில்கூட 2008 முதல் கட்டாயம் என்பது ஊருக்கு வெளியே, இரவிலோ பார்வை மங்கலான நேரத்திலோ மட்டும்தான். நம் ஊரில் அபராதம் கட்டப்போவது யார்? பெட்ரோல் போட முடியாமல் சைக்கிளில் போகிற கூலிக்காரர். நாளைக்கு இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாகக் கேட்பது 'கோட்டு போட்டிருந்தாரா?' என்பதாக இருக்கும், அடித்தவரின் வேகத்தைப் பற்றிய கேள்வி பின்னால் போய்விடும். என் மைத்துனர் போட்டிருந்தார். போட்டும் தெரியவில்லை.

விளக்கைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார், அதற்குப் பயந்தே எல்லாச் சைக்கிளிலும் டைனமோ இருந்தது. இப்போது என் கடைக்கு வரும் சைக்கிள்களில் டைனமோவைப் பார்த்து வருடக்கணக்காகிறது. டென்மார்க்கிலேயே ஒடென்சி நகரத்தில், கம்பியில் காந்தம் மாட்டி பேட்டரி இல்லாமல் எப்போதும் மின்னும் விளக்கை 2004-05-ல் சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, சைக்கிள்காரர் காயம்பட்ட விபத்துகள் மொத்தத்தில் 19 சதவீதம் குறைவாக இருந்தன. ரேடியம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மேல் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். சந்துக்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற சைக்கிள் மேல் எந்த வண்டியின் விளக்கும் படாது. அங்கே சொந்த விளக்கு ஒன்றுதான் காப்பாற்றும்.

சைக்கிள்களில் ரிப்ளெக்டர் கட்டாயம் என்று மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது, அது நல்ல காரியம். ஆனால் அது புதுச் சைக்கிளுக்கு. பத்து வருடம் ஓடிய சைக்கிளை யார் பார்ப்பது? 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு 2005-ல் இருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கிற எல்லா பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் தமிழ்நாடு அரசு இலவசச் சைக்கிள் கொடுத்து வருகிறது. அந்தச் சைக்கிள்கள் பிள்ளைகள் படித்து முடித்த பிறகும் அப்பாவும் தம்பியும் ஓட்டி ஓட்டி இன்னமும் எங்கள் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சைக்கிள் கொடுக்கும் விழா அன்றே பள்ளிக்கூடத்தில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கும் பெடலுக்கு ரேடியமும் மாட்டிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது, கல்வித் துறை இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இப்போது பஞ்சர் ஒட்ட வருகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் கேட்காமலே ரேடியம் ஒட்டிவிடுகிறேன், காசு வாங்குவதில்லை. மற்ற ஊர்க் கடைக்காரர்களுக்காக விவரத்தையும் எழுதிவிடுகிறேன். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் இரண்டிலும் முன்னும் பின்னுமாக விரல் நீளத்துக்கு மஞ்சள் பட்டை, பின் மட்கார்டின் கீழ்நுனியில் ஒரு சாண் சிவப்பு. அவ்வளவு தாழ்வாக இருந்தால் கேரியரில் மூட்டை கட்டினாலும் மறையாது. ஒட்டுவதற்கு முன் பெட்ரோல் நனைத்த துணியால் கிரீஸ் போகத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்கே உரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
திண்டுக்கல் மாவட்டம்