இன்னொரு கணினியிலும் ஓடட்டும்: ஆராய்ச்சி நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு,

வணக்கம். உயிரியல் ஆய்வகம் ஒன்றில், மாணவர்களின் தரவுப் பகுப்பாய்வுக்கு உதவும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆர்என்ஏ வரிசைத் தரவு வந்து இறங்கும். அதைச் சுத்தம் செய்து, மரபணுத்தொகுதியோடு பொருத்தி, மரபணு வாரியாக எண்ணி, படமாக வரைவதுவரை பத்துப் பன்னிரண்டு மென்பொருள்களைச் சங்கிலியாகக் கோத்த ஒரு பைப்லைன் இருக்கும். உங்கள் மாணவர்களின் ஆய்வேட்டில் பாதி இயல்கள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் முன், அந்தப் பைப்லைன் வேறொரு கணினியில், வேறொருவர் கையில் ஒருமுறை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் ஆய்வேடு தேர்வாளரிடம் போய்த் திரும்பியது. நல்ல அறிக்கை. ஒரே ஒரு திருத்தம்: எண்ணிக்கை மிகக் குறைந்த மரபணுக்களை நீக்கிவிட்டு இரண்டாவது படத்தை மறுபடி வரைய வேண்டும். அரை நாள் வேலை. ஆனால் ஆய்வேடு போனதற்கும் திரும்பி வந்ததற்கும் நடுவில், அவர் பயன்படுத்திய கிளஸ்டரின் (பலர் பகிரும் கணினித் தொகுப்பின்) இயங்குதளம் மாறிவிட்டது. அதில் இருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டதால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும், நிர்வாகிகளைக் குறை சொல்ல முடியாது. பைப்லைனோ முதல் படியிலேயே நின்றது.

இருவரும் உட்கார்ந்து, பைப்லைனின் கட்டளைகளை எழுதிய ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்தோம். எப்போதோ படித்து முடித்துப் போன சீனியர் ஒருவரின் ஹோம் ஃபோல்டர் முகவரி 37 இடங்களில் அப்படியே எழுதப்பட்டிருந்தது. பொருத்தும் மென்பொருளின் வெர்ஷன் எங்குமே இல்லை. கிளஸ்டர் அன்றைக்கு எதைக் கொடுத்ததோ அது ஓடியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓடவைக்க மூன்று வாரம் ஆனது. ஓடிய பிறகுதான் உண்மையான பயம் வந்தது. ஆய்வேட்டின் முடிவுப் பட்டியலில் 412 மரபணுக்கள். கேட்ட திருத்தத்தைச் செய்யும் முன்பே இப்போது 398.

அந்த மாணவி அன்றிரவு தூங்கவில்லை. நானும்தான். காணாமல் போன பதினான்கு பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பலவற்றின் பெயரில் எச்எல்ஏ-ஏ என்பதுபோல நடுவில் ஒரு சிறு கோடு இருந்தது. ஸ்கிரிப்டில் ஓரிடத்தில் இரண்டு பட்டியல்களை அகரவரிசைப்படுத்தி ஒன்றோடொன்று இணைக்கும் வேலை உண்டு. அந்தக் கோட்டை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்பதைக் கணினியின் மொழி அமைப்பு தீர்மானிக்கிறது. பழைய கணினியில் ஓர் அமைப்பு, புதியதில் வேறு. ஒரு பட்டியல் பழைய வரிசையில் சேமித்து வைத்தது, இன்னொன்று புதிதாக வரிசைப்படுத்தியது. வரிசை ஒத்துப்போகாத இடங்களில் இணைப்புக் கட்டளை சில வரிகளை விட்டுவிட்டது. எச்சரிக்கை வராமல் இல்லை. பல்லாயிரம் வரிகள் கொண்ட பதிவுக் கோப்பில் ஒரே ஒரு வரியாக வந்திருந்தது.

இது எங்கள் ஆய்வகத்தின் கவனக்குறைவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் வேதியியல் ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே வழுவில் மாட்டினார்கள். மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் கணக்கீடுகளின் முடிவுகளைத் தொகுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் அது. 2014-இல் வெளியாகி, பல ஆய்வகங்கள் நம்பிப் பயன்படுத்தியது. ஒரு ஃபோல்டரிலுள்ள கோப்புகளை அது ஒவ்வொன்றாக எடுக்கும், அவை சரியான வரிசையில்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் கோப்புகளை எந்த வரிசையில் தருவது என்பது இயங்குதளத்தின் விருப்பம். விண்டோஸ் 10-இலும் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் விடை சரியாக வந்தது. உபுண்டுவிலும் மேக்கின் மொஹாவி பதிப்பிலும் ஏறத்தாழ ஒரு சதவீதம் பிசகியது. ஒரு மூலக்கூறின் வடிவத்தை இதுதான் என்று முடிவுகட்டும் வேலையில் ஒரு சதவீதம் பெரிய தொகை. 150-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. கோப்புகளை வரிசைப்படுத்து என்று ஒரு கட்டளை சேர்த்திருந்தால் போதும். ஐந்து வருடம் யாருக்கும் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் ஓடியது, எண் வந்தது, எண்ணும் நம்பும்படியாக இருந்தது.

மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில், வெர்ஷனையும் கணினியையும் மேக் பதிப்பையும் மாற்றினால் அளவுகளே மாறுகின்றன என்று 2012-இலேயே ஒரு கட்டுரை காட்டியது. பைப்லைன்களை எழுதி ஓட்ட உதவும் நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற கருவியைப் பார்சிலோனாவில் உருவாக்கிய குழு 2017-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதே கதைதான். ஒரே பைப்லைன், ஒரே தரவு, மேக்கில் ஒரு முடிவு, லினக்ஸில் சற்றே வேறு முடிவு. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டும் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டியதும் இரண்டும் ஒத்துப்போயின.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் எங்கே ஓட வேண்டும் என்பதையும் மாணவர்கள் பிரித்து எழுதட்டும். நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்னேக்மேக், காமன் ஒர்க்ஃப்ளோ லாங்குவேஜ், மூன்றுக்கும் அடிப்படை எண்ணம் இதுதான். கணக்கு ஒரு கோப்பில் இருக்கும். மடிக்கணினியா, வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருள் வைத்த கிளஸ்டரா, வாடகைக்கு எடுத்த கிளவுடா என்பது தனி அமைப்புக் கோப்பில் சில வரிகள். இடம் மாறினால் அந்தச் சில வரிகளை மட்டும் தொட்டால் போதும். மூன்றில் எது சிறந்தது என்று சண்டை போட வேண்டாம், உங்கள் ஆய்வகத்தில் யாருக்கு எது கைப்பழக்கமோ அதுவே சிறந்தது. லினக்ஸின் கட்டளை மொழியான பாஷ் தவிர வேறெதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. முகவரிகளை எல்லாம் ஸ்கிரிப்டின் தலையில் ஓரிடத்தில் வைத்து, மென்பொருள்களின் வெர்ஷன்களை எழுதி, வழு வந்தால் உடனே நிற்கும்படி செய்தாலே எங்கள் மூன்று வாரத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

அடுத்தது கன்டெய்னர். கன்டெய்னர் கருவியான டாக்கர் 2013-இல் வந்தது, ஆனால் பலர் பகிரும் கிளஸ்டரில் அதை அனுமதிக்கத் தயங்குவார்கள், பயனரை நிர்வாகி உரிமைக்கு அருகில் கொண்டுபோய் விடும் என்பதால். அந்தத் தயக்கத்துக்குப் பதிலாகத்தான் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சிங்குலாரிட்டி என்ற இன்னொரு கன்டெய்னர் கருவி பிறந்தது. 2021 முதல் ஆப்டெய்னர் என்ற பெயரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. மென்பொருளும் அது சார்ந்த நூலகங்களும் (துணை நிரல்களும்) ஒரே கோப்பாகும், சாதாரணப் பயனராகவே ஓட்டலாம். உங்கள் கிளஸ்டரில் இது இல்லையென்றால் நிர்வாகியிடம் கேளுங்கள். மாணவன் கேட்டால் கோரிக்கை வரிசையில் கிடக்கும், நீங்கள் கேட்டால் நடக்கும்.

கன்டெய்னர் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலும், வரைகலைச் செயலியை இயக்கும் ஜிபியு டிரைவரும் அதோடு பயணம் செய்யாது. கிளஸ்டரின் பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும் நிரல் என்றால், அவற்றுக்கிடையே செய்தி கடத்த உள்ளே இருக்கும் எம்பிஐ நூலகம், வெளியே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். புதுப் பிராசஸருக்கென்றே கட்டிய மென்பொருள் பழைய கணினியில் ஒரு வரிப் பிழையோடு விழும். அப்புறம், கன்டெய்னரை ‘லேட்டஸ்ட்’ என்று பெயர் சொல்லி எடுக்கவே கூடாது. இன்றைய லேட்டஸ்ட் அடுத்த வருடத்து லேட்டஸ்ட் அல்ல. அதன் முழு அடையாள எண்ணை எழுதி வைக்க வேண்டும். கடைசித் தசம இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இணையாக ஓடும் கணக்கில் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறலாம் என்பதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

மாணவர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம், இதுவும் வேண்டுமா என்று ஒரு மூத்த பேராசிரியை என்னிடம் கேட்டார். அக்கறையான கேள்வி. அந்தச் சுமையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்பதால்தான் சொல்கிறேன்: ஆரம்பத்தில் செய்தால் இரண்டு நாள், கடைசியில் செய்தால் மூன்று வாரமும் உறக்கமும். இன்னொன்றும் இருக்கிறது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கத்தின் கீழ் திருச்சி என்ஐடி-யில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர்கம்ப்யூட்டர் 2022-இல் வந்தது. சின்ன ஊர்க் கல்லூரியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாளை அப்படியொரு கணினியில் நேரம் கிடைக்கலாம். கிடைத்த நேரத்தை முகவரி திருத்துவதிலேயே அவர் செலவழிக்கக் கூடாது.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆய்வேட்டுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, மாணவர் தன் ஃபோல்டரையும், பத்தாயிரம் ஆர்என்ஏ வரிசைகள் மட்டும் கொண்ட சிறு மாதிரித் தரவையும், வரவேண்டிய விடையையும் பக்கத்து ஆய்வக மாணவர் ஒருவரிடம் கொடுப்பார். அவர் தன் கணினியில் ஓட்டுவார். எழுதியவர் பக்கத்தில் உட்காரக் கூடாது, போனிலும் பதில் சொல்லக் கூடாது. எங்கே மாட்டிக்கொண்டார் என்று குறிப்பு எழுதித் தருவார், அது திருத்தப்படும். முதல் தடவை யாருக்குமே ஓடியதில்லை. இரண்டாம் தடவை பெரும்பாலும் ஓடிவிடுகிறது.

அடுத்த டாக்டரல் கமிட்டி கூட்டத்தில், மாணவர் தன் படங்களைக் காட்டி முடித்ததும், ‘இதை வேறு யார் ஓட்டிப் பார்த்தார்கள், எந்தக் கணினியில்?’ என்று கேட்டுவிட்டு, அந்தப் பெயரையும் தேதியையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சிறு மாதிரித் தரவைத் தயார் செய்ய உதவி வேண்டுமென்றால் எந்தத் துறையாக இருந்தாலும் வந்து உட்கார நான் தயார்.

அன்புடன்,
ஆய்வகக் கணினிப் பணியாளர் ஒருவர்