ஆண்டறிக்கை 2025-26: செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களுக்கும், அழைத்ததும் வந்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். பத்து மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் போட்டிருந்தோம். இப்போது பத்து ஐம்பது. இருப்பவர்களை வைத்து ஆரம்பித்துவிடலாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் வாசிக்கிறேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையில் சர்ஃபிங், அதாவது அலைச்சறுக்கு, சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களில் 34 பேர் நம் சங்கத்தில் இருக்கிறோம். சென்ற ஆண்டும் 34தான். ஒருவர் வெளிநாடு போனார், ஒருவர் சேர்ந்தார்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் நம் பிள்ளைகள் சிலர் கரையில் நின்று உதவினார்கள். இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதைக் கண்ணால் பார்த்தோம். ஆயுத பூஜைக்குப் போர்டுகளுக்குப் பொட்டு வைத்தோம். கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கிற வேக்ஸில் ஒட்டிய குங்குமம் இன்னும் போகவில்லை. கடற்கரைத் துப்புரவு மூன்று முறை நடந்தது. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது கொட்டகைக் கூரை பறந்தது, திரும்பப் போட்டாயிற்று.

இனி விதிப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பல பேச்சுகள் வெளியே உலவுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கரை பெரும்பாலும் நேர்க்கோடு. அலை வந்தால் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் மடங்கிவிடும். கல்லோ முனையோ இருக்கிற ஓரிரண்டு இடத்தில்தான் அலை ஒரு ஓரத்தில் உடைய ஆரம்பித்துப் பக்கவாட்டில் பிரிந்துகொண்டே ஓடும். சறுக்குவதற்கு அந்த அலைதான் வேண்டும், அதில் ஏறுவதற்கு இருப்பதோ ஒரே ஓர் இடம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அலை ஒழுங்காக வரும். அந்த மாதங்களில் சனி, ஞாயிறு காலை ஐந்தரைக்கே சென்னைக் கார்கள் வந்து நிற்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங்கைச் சேர்த்தார்கள், அப்புறம் ரீல்ஸ் வந்தது, கூட்டமும் வந்தது. கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதுதான் நமக்குச் சோறு. ஆனால் ஒரு ஆள் ஏறுகிற இடத்தில் நாற்பது பேர் மிதந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் மாதம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வலை எடுத்துக்கொண்டு கரையேற வந்த ஃபைபர் படகுக்கு எதிரில் ஐந்து புது ஆட்கள் போர்டில் படுத்துக் கிடந்தார்கள். அலையின் முதுகில் ஏறி வருகிற படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அன்று படகோட்டியவர் எப்படியோ திருப்பிக் கடலுக்கே போய், அரை மணி நேரம் கழித்துக் கரையேறினார். எந்த சர்ஃபிங் பள்ளி ஆட்கள் என்று சொல்லப்போவதில்லை. பஞ்சாயத்தில் கைகட்டி நின்றது தலைவரும் பொருளாளரும் நானும்தான். அந்தப் பள்ளிக்காரர் அன்றைக்கு வெளியூர். இன்னொரு முறை நடந்தால் காலை எட்டு மணிக்கு முன்னால் ஒரு போர்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொன்னது நியாயம். நாமே படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

அன்று இரவு உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினேன். என் மனைவி வாசித்துவிட்டு, "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கடலே அடங்கிடும்" என்றாள். ஆறாகக் குறைத்தேன். படகு வந்தால் அதுதான் முதலில். அலை உடைகிற இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. உள்ளே போகும்போது அலை ஓடும் பாதையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் நுரைப் பக்கம் ஒதுங்க வேண்டும், சறுக்கி வருகிறவருக்கு முன்னால் ஓடக் கூடாது. போர்டைக் கைவிடக் கூடாது: எட்டடிப் போர்டு, அதைக் காலோடு கட்டும் எட்டடிக் கயிறு (லீஷ்), தூக்கி எறிந்தால் பின்னால் பதினாறு அடிக்கு யாருக்கும் பத்திரமில்லை. கடைசியாக, தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒருவர் சறுக்கி வரும் அலையில் இன்னொருவர் அவருக்கு முன்னால் புகுவதை டிராப்-இன் என்பார்கள். அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் குழம்பினோம். அகராதிச் சொல்லாக நான் இரண்டு மூன்று தேடி வைத்திருந்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியப்பா தலையைக்கூட நிமிர்த்தாமல், "குறுக்கே பூராதேன்னு எழுதுடா" என்றார். அப்படியே எழுதினோம். இன்றுவரை அதற்கு விளக்கம் கேட்டவர் இல்லை.

பலகைக்கு ஆன செலவு பற்றி. தகரம் உப்புக் காற்றில் ஒரு வருஷம் தாங்காது. அதனால் படகு கட்டும் பட்டறையில் ஃபைபரில் போட்டோம். செலவு நினைத்ததைவிடக் கூடியது உண்மை. பிளைவுட் போதாதா என்று கேட்ட உறுப்பினர், அவர் பள்ளியின் பேனரை இந்த ஆண்டில் எத்தனை முறை மாற்றினார் என்று எண்ணிப் பார்க்கட்டும். இடம் கொடுத்த பஞ்சாயத்துக்கு நன்றி. பலகையில் துணி காயப்போடுவது குறைந்திருக்கிறது, முழுவதும் நிற்கவில்லை.

பலகை மட்டும் போதாது என்பதால், தண்ணீரில் இறங்குவதற்கு முன் மணலில் இருபது நிமிட வகுப்பு வைத்தோம். குச்சியால் அலையை வரைந்து, செருப்புகளைப் போர்டாக வைத்து, யாருக்கு முதல் உரிமை என்று நடத்திக் காட்டுவேன். முதலில் கிளைச் சாலையிலிருந்து ஈ.சி.ஆரில் ஏறுகிற வண்டி நின்று பார்த்து ஏற வேண்டும் என்று உதாரணம் சொன்னேன். ஒரு அம்மா, "சார், ஈ.சி.ஆர்.லயே யாரும் அப்படி ஏறுறதில்லையே" என்றார். அன்றிலிருந்து ஆடி மாதக் கூழ் வரிசையைத்தான் சொல்கிறேன். அண்டாவுக்கு அருகில் நிற்கிற பாத்திரத்துக்குத்தான் அடுத்த கரண்டி. பின்னால் இருந்து கையை நீட்டினால் கிழவிகள் விடமாட்டார்கள்.

விதி சொல்லிப் பயமுறுத்தினால் கஸ்டமர் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடுவார் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். எல்லாப் பள்ளியும் சொன்னால் அவர் எங்கே போவார் என்று கேட்டேன். பதில் வரவில்லை, அந்தப் பள்ளியில் வகுப்பும் நடக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போர்டின் வாலைப் பிடித்துக்கொள்கிறோம். அலையை நாமே பார்த்து, நாமே தேர்ந்தெடுத்து, நாமே தள்ளிவிட்டு "எழு!" என்று கத்துகிறோம். அவர் எழுந்து நிற்கிறார், கரையிலிருந்து கைதட்டுகிறார்கள். அந்த அலை தனக்காகவே வந்தது என்று அவர் நினைத்தால் அதில் என்ன தப்பு? மூன்றாம் நாள் அதே ஆள் போர்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முனைக்குப் போகிறார். எழுந்து நிற்கத் தெரியும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியாது, ஏனென்றால் அந்த வேலையை அவருக்குப் பதிலாக நாம் செய்துகொண்டிருந்தோம். சில நேரம் நாமும் செய்வதில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பையன் ஒருவனுக்குத் போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு (ஃபின்) தொடையில் கிழித்து ஆறு தையல் போட்டார்கள். குறுக்கே வந்தது யாருடைய மாணவர் என்று வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் பேச்சு ஓடியது. இரண்டு பள்ளிகளின் பெயர் அடிபட்டது. இரண்டும் இல்லை. தள்ளிவிட்டது நான். வந்தவர் முதல் முறை கடலில் இறங்கியவர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது மணிக்குள் மூன்று பேரை எழுந்து நிற்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் முனைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் சரியான இடத்தில் ஏறி, சரியாகத்தான் வந்துகொண்டிருந்தான். பலகை நட்டு அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு சங்கக் கணக்கில் ஏறவில்லை, பொருளாளருக்குத் தெரியும். குழுவில் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயர் அடிபட்ட இரண்டு பள்ளிக்காரர்களிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் வந்திருக்கிறார், இன்னொருவருக்கு நேரில் போய்ச் சொல்வேன்.

இதற்குப் பிறகுதான் அக்டோபர் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. முதல் முறை வருபவருக்கு மஞ்சள் ரேஷ்கார்டு (தண்ணீரில் போட்டுக்கொள்ளும் இறுக்கமான சட்டை), அவர்கள் முனைக்குப் போகாமல் வடக்கே நுரையிலேயே பழக வேண்டும். தள்ளிவிடும் முன் மாணவரையே திரும்பிப் பார்க்கச் சொல்லி, "யாரும் இல்லை" என்று அவர் வாயால் சொன்ன பிறகே தள்ள வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். வராத இருபத்தைந்து பேரும் இப்படி ஒரு தீர்மானம் இருப்பதே தெரியாது என்கிறார்கள். எண்ணிக்கைப்படி பார்த்தால் அவர்கள் பக்கம்தான் பெரும்பான்மை.

நம் பையன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நம்ம கடல்" என்று சொல்லிக்கொண்டு வேண்டுமென்றே புதியவர்களுக்குக் குறுக்கே புகுவது நடக்கிறது. ஜூலையில் ஒருவரின் போர்டைப் பிடுங்கிக் கரையில் வீசும் அளவுக்குப் போனது. 1966-ல் உலகச் சாம்பியனான நாட் யங், 2000-ல் ஆஸ்திரேலியாவின் ஆங்கௌரியில், அவர் குடியிருந்த ஊரிலேயே, அலைத் தகராறில் முகத்து எலும்பு உடைய அடி வாங்கினார். சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால் நம் பையன்கள் எம்மாத்திரம்?

பலன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கணக்கு எடுக்கவில்லை. போன மாதம் இரண்டாம் முறை வந்த ஒரு பெண், தள்ள நான் தயாராக இருந்தபோது கழுத்தைத் திருப்பினாள். "அண்ணா, ஆள் வர்றாங்க" என்று போர்டை இழுத்துப் பிடித்து அலையை விட்டாள். நல்ல அலை. சறுக்கிப் போன பையன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். இதையெல்லாம் ஆண்டறிக்கையில் எழுத வேண்டுமா என்று தலைவர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

சந்தா. மாதம் இருநூறு ரூபாய். ஒரு போர்டை ஒரு மணி நேரம் வாடகைக்கு விட்டால் வந்துவிடும். வருடம் முழுவதும் பாக்கி இல்லாமல் கட்டியவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் ஏப்ரலில் கட்டியதோடு சரி. மற்றவர்களிடம் கேட்டால் சீசன் முடியட்டும் என்கிறார்கள்; சீசன் முடிந்த பின் கேட்டால் மழைக்காலத்தில் ஏது வருமானம் என்கிறார்கள். பெயர்களைச் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கே புரியும். ஆனால் போட்டிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், சங்கச் சீல் வேண்டும் என்றால் இரவு பத்து மணிக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். உயிர்காக்கும் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகிப் போனவர்களும் சிலர் உண்டு. அதைப் புதுப்பிக்காமல் அடுத்தவர் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கிறது. பலகை, கூரை, ரேஷ்கார்டு ஆகியவற்றால் கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. ரசீதுகள் பெரும்பாலும் உள்ளன. புயலில் நனைந்தவற்றைப் பொருளாளர் காயவைத்து எடுத்திருக்கிறார். விவரம் வேண்டுவோர் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், பஞ்சாயத்தாருக்கும், படகுக்காரர்களுக்கும், கூட்டத்துக்கு டீ அனுப்பும் கடைக்காரருக்கும் நன்றி. அவருக்கு இரண்டு கூட்டத்தின் பாக்கி இருக்கிறது.

வரும் ஆண்டைப் பற்றி. மூன்று வருடம் இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன். இளையவர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். சீல், ரசீதுப் புத்தகம், கொட்டகைச் சாவி, விசில் எல்லாம் ஒரே பையில் இருக்கின்றன, பையை இன்றே கொண்டுவந்திருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்று பொதுக்குழுதான் சொல்ல வேண்டும். மே முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு இந்த சீசனின் முதல் மணல் வகுப்பு. அதற்கு நான்கு பயிற்சியாளர்கள் தேவை. இதுவரை பெயர் கொடுத்திருப்பது இரண்டு பேர்: நான், அப்புறம் தையல் போட்ட அந்தப் பையன்.

இப்படிக்கு,
செயலாளர்