ஆசாரிபள்ளத்துக்கும் வேண்டும் விரைவு நுண்ணோக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் கட்டியை அறுவை நடக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் புதிய கருவிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பத்தாலஜி (திசுவைப் பார்த்து நோயறியும்) ஆய்வகத்தில் திசுவை வெட்டிச் சாயமேற்றும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். கட்டுரை வேகத்தையே பெரிதாகச் சொன்னது. நம் குமரி மாவட்டத்துக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று இதில் இருக்கிறது.

இப்போது நடைமுறையில் இருப்பது ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’. அறுத்தெடுத்த துண்டை மைனஸ் 20 டிகிரி அளவில் உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மருத்துவர் பார்த்துச் சொல்ல 20 முதல் 30 நிமிடம் ஆகும். நுரையீரலோ ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி, உள்ளெல்லாம் காற்று. உறையவைத்தால் சுருங்கும், சீவினால் கிழியும், பனிப்படிகம் விழுந்து செல்கள் உருக்குலையும். கட்டி காற்றறைச் சுவரோடு நிற்கிறதா, உள்ளே ஊடுருவிவிட்டதா என்று அந்த ஸ்லைடை வைத்துச் சொல்ல அனுபவசாலிகளே தயங்குவார்கள். அத்தனை நேரமும் நோயாளி ஒற்றை நுரையீரலில் மூச்சுவிட்டபடி மேசையில் கிடப்பார்.

நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளுக்கு நுரையீரலின் பெரும் பிரிவான மடல் முழுவதையும் எடுக்க வேண்டாம், அதில் ஒரு சிறு பகுதியை எடுத்தாலே போதும் என்று 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. நோயாளிக்கு எவ்வளவு மூச்சு மிஞ்சும்! ஆனால் வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமில்லை என்பது அங்கேயே உறுதியாக வேண்டும்.

புதிய முறைகளில் சிலவற்றில் துண்டை ஒளிரும் சாயத்தில் நனைத்து லேசரில் பார்க்கிறார்கள். ராமன் முறை என்ற இன்னொன்றுக்குச் சாயமே வேண்டாம். லேசர் ஒளிக்குக் கொழுப்பும் புரதமும் வேறுவேறாகப் பதில் தருவதிலிருந்து படம் உருவாகிறது. மூளைக் கட்டிகளில், 278 நோயாளிகளிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2020இல் வந்தது. இரண்டரை நிமிடத்துக்குள் கணினி சொன்ன முடிவு நூற்றுக்கு 94க்கு மேல் சரியாக இருந்தது. மூளையில் கிடைத்ததை அப்படியே நுரையீரலுக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் புதிய முறைகளில் சீவாமல் பார்ப்பதால் துண்டு வீணாகாது. அதையே கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்துச் சீவும் வழக்கமான பாரஃபின் ஸ்லைடுக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்பலாம். புற்றுநோய் செல்லைக் குறிவைக்கும் இலக்கு மாத்திரை பலிக்குமா என்று சொல்வது அந்தச் சோதனைதான்.

நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று. இந்தப் படம் பிறக்கும்போதே டிஜிட்டல். அறுவை நடப்பது ஒரு ஊரிலும் பார்த்துச் சொல்லும் பத்தாலஜி மருத்துவர் வேறு ஊரிலும் இருக்கலாம். குலசேகரத்து ரப்பர் பால் வெட்டுகிறவரும் குளச்சல் கடல்தொழிலாளியும் இன்று திருவனந்தபுரத்துக்கோ, 700 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கோ போகிறார்கள். கூடப் போகிறவரின் கூலியும் சேர்ந்து போகிறது. நோயாளி அலைவதற்குப் பதில் படம் போகட்டுமே.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு இனிக் கருவிகள் திட்டமிடும்போது மக்கள் நல்வாழ்வுத் துறை இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருவியோடு ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் வேண்டும். துண்டின் எந்தப் பக்கம் விளிம்பு என்று மை தடவி அடையாளமிடுவதில் தவறினால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மருத்துவர் தவறான இடத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பயிற்சிக்கான பணத்தையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர்,
தக்கலை