முடியாதுன்னா அதை எழுதிக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பையன் பத்தாவது படிக்கிறான், டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுறதுல வர்ற கற்றல் குறைபாடு இருக்கு. முதல் உலகப்போர் ஏன் வந்துச்சுன்னு கேட்டா மூச்சு விடாம சொல்லுவான், அதையே எழுதச் சொன்னா நாலு வரிக்குள்ள விரல் மடங்கிப் போயிடும், பேனாவை அழுத்துற அழுத்துல நோட்டுல அடுத்த பக்கமும் சேந்து கிழிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வச்சு, பரீட்சையில அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஸ்க்ரைபும் கூடுதலா ஒரு மணி நேரமும் கேட்டு மனு கொடுத்தோம்.

கல்வி ஆபீஸ்ல ரெண்டு பக்கம் புரட்டிட்டு "குறைபாடு 40 சதவீதம் இல்லையேம்மா, கிடைக்காது"ன்னு கையிலயே திருப்பிக் கொடுத்துட்டாங்க. சீல் இல்ல, தேதி இல்ல, மேல யாரைப் பாக்கணும்னு கேட்டதுக்கும் பதில் இல்ல.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல 17வது பிரிவு ஸ்க்ரைப், கூடுதல் நேரம் எல்லாம் சொல்லுது, அந்த வரியில 40 சதவீதம்ங்கிற பேச்சே இல்ல. 2021 பிப்ரவரியில விகாஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும், ஸ்க்ரைப் கொடுக்க 40 சதவீதத்தை கட்டாயம் ஆக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு. ஆனா வாயால சொன்ன "கிடைக்காது"வ எங்க கொண்டுபோய் காட்டி அப்பீல் பண்றது? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்கிட்ட புகார் கொடுக்கலாம்தான், அவர் பரிந்துரை பண்ணினாலும் அந்த ஆபீஸ் பதில் சொல்ல சட்டத்துல மூணு மாசம் டைம் இருக்கு, அதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். அதே 2021 நவம்பர்ல, நீட்ல கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட டிஸ்கிராஃபியா மாணவி அவ்னி பிரகாஷ் வழக்குல, நடந்தது தப்புன்னு கோர்ட்டே சொல்லியும் மறுதேர்வு கிடைக்கல. முடிஞ்ச பரீட்சைக்கு அப்புறம் ஜெயிச்சு பிள்ளைக்கு என்ன கிடைக்கும் சொல்லுங்க.

அதனால கல்வித்துறைகிட்ட நான் கேக்குறது, சலுகை மறுத்தா காரணத்தோட, தேதியோட எழுதிக் கொடுங்க, எந்த அதிகாரிகிட்ட எத்தனை நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணணும்னு அதுலயே கீழ போடுங்க, பரீட்சைக்கு முன்னாடி முடிவும் சொல்லுங்க. என்னை மாதிரி பெத்தவங்களுக்கும் ஒண்ணு, மனுவை கையில திருப்பி வாங்காதீங்க, நான் வாங்கிட்டு வந்து தப்பு பண்ணிட்டேன்.

இப்ப அதே மனுவை ஒப்புகை அட்டையோட தபால்ல அனுப்பி, அட்டை கையெழுத்தாகி வந்திருக்கு. தினமும் சாயங்காலம் அவன் பதில் சொல்லச் சொல்ல அவன் தங்கச்சி எழுதுறா, எங்க நிறுத்தணும், எங்க கமா போடணும்னு அவன் சொல்லிப் பழகுறான்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
திருநெல்வேலி மாவட்டம்