‘வயிற்றுவலி’ என்று எழுதும் இடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து’ என்ற வரி கொங்கு மாவட்டங்களின் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ஊர் மாறும், வயது மாறும், அந்த ஒரு சொல் மட்டும் மாறாது. வீட்டார் காவல் நிலையத்தில் அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள், அதுவே பதிவாகிறது, நிருபரும் அதையே எடுக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. இறந்தவர் மாதக்கணக்கில் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். அந்த வலிக்குப் பின்னால் மனச்சோர்வு இருந்ததா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அதே ஆண்டில் நாடு முழுவதும் அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் ‘நோய்’ என்ற தலைப்பில் பதிவாகியிருக்கிறார்கள். நம் ‘வயிற்றுவலி’யும் அந்தத் தலைப்புக்குள்தான் போய்ச் சேர்கிறது.

நம் பக்கத்தில் ‘மனசு செரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது என்றுதான் போகிறார்கள். அசிடிட்டி மாத்திரையும் ஒரு சத்து ஊசியும் கிடைக்கும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்றால் வலியே இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. மனச்சோர்வில் வரும் வலி உண்மையான வலி. தூக்கமும் பசியும் கெடும்போது உடம்பு வலியைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. அதேபோல், உண்மையிலேயே குடல் நோயோ மூட்டு நோயோ இருந்து நாள்பட்ட வலியில் கிடப்பவருக்கும் மனச்சோர்வு சேர்ந்து வரும். எப்படி இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு வாரமாக, அநேகமாகத் தினமும், மனசு எப்படி இருக்கிறது?

இரண்டு வாரம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. துக்கம், பயிர் நஷ்டம், சண்டை எதுவானாலும் நாலு நாள் மனசு கனப்பது இயல்பு. இரண்டு வாரம் விடாமல் நீடித்து, வேலையையும் சாப்பாட்டையும் கெடுத்தால் அது நோய். தூக்கத்தைக் கவனித்தால் பாதி தெரிந்துவிடும். பால் கறக்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது ஒன்று. இரண்டு மணிக்கே விழிப்புத் தட்டி, மறுபடி கண் மூடாமல், விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பது வேறு. இப்படி விழிப்பவர்களுக்குக் காலைப் பொழுதுதான் மிக மோசமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகும். அதனால் மாலையில் வரும் சொந்தக்காரர் ‘நல்லாத்தானே இருக்காப்ல’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது, ஆசை விட்டுப்போவது. கட்டுத்தாரையில் மாடு கத்தினாலும் எழுந்து போய்த் தண்ணி காட்டாமல் உட்கார்ந்திருப்பார். வாரச் சந்தையைத் தவறவிடாதவர் சந்தை நாளையே மறந்திருப்பார். தறியில் நூல் அறுந்து ஓடுவது கண்முன் தெரிந்தும் கை போகாது. சோம்பல் என்று திட்டுகிறோம். திட்டு வாங்கியவர் ‘ஆமா, நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்’ என்று தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். இந்தக் குற்ற உணர்வுதான் நோயின் ஆபத்தான பகுதி. ஆண்களிடம் இதே நோய் அழுகையாக வராமல் எரிச்சலாகவும், திடீரென்று கூடிப்போன குடியாகவும் வரும். பள்ளிப் பிள்ளைகளிடம் முரண்டு, மார்க் சரிவு. பிள்ளை பெற்று சில வாரங்களே ஆன தாய் குழந்தையைக் கண்டு ஒட்டுதல் இல்லாமல் இருந்தால் ‘பச்ச ஒடம்பு, அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

இவற்றுக்கு மேலே சில அடையாளங்கள் உண்டு. அவற்றைக் கண்டால் அன்றைக்கே அசைய வேண்டும். ‘என்ற (என்னுடைய) பாரம் உங்களுக்கு எதுக்கு’, ‘நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி’ என்ற பேச்சு. காரணமில்லாமல் பத்திரம், எல்ஐசி பாண்டு, நகைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து மனைவியிடமோ மகனிடமோ விளக்கிச் சொல்வது. பிரியமாக வளர்த்த மாட்டை வந்த விலைக்குப் பிடித்துக் கொடுப்பது. விட்டுப்போன உறவுகளுக்கெல்லாம் போன் போட்டுப் பேசுவது. நெடுநாள் தவித்தவர் ஒரு நாள் திடீரென்று அமைதியாகி, முகம் தெளிந்து இருப்பதும் இதில் சேரும். வீடு ‘அப்பாடா’ என்று மூச்சு விடும் நேரம் அது. சில சமயம் முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம். ‘சாகிறேன்னு சொல்றவன் சாகமாட்டான்’ என்பது நம் ஊர்ப் பேச்சு, உண்மை அல்ல. இறந்தவர்களில் பலர் யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு கேட்க வேண்டும். நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதிலேயே பாதி அழுத்தம் இறங்குகிறது. நாலு பேர் முன்னால் அல்ல, திண்ணையிலோ வரப்பிலோ பக்கத்தில் உட்கார்ந்து, போனை அணைத்து வைத்துவிட்டு. பெரியவரிடம், ‘ஏனுங்க மாமா, செத்துப் போயர்லாம்னு நெனப்பு வருதுங்ளா?’ சின்னவரிடம், ‘ஏங்கண்ணு, சாவலாம்னு தோணுதா?’ ஆமாம் என்றால் அதிர்ந்து எழ வேண்டாம். ‘எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்ளா? எப்பன்னு வெச்சிருக்கீங்ளா?’ என்று அடுத்ததையும் கேளுங்கள். நினைப்பு மட்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும், அதுவரை ஒருவர் கூட இருக்க வேண்டும். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால், அல்லது முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால், ஒரு நிமிஷமும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரி. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்துகொடுக்காதீர்கள்.

‘உனக்கென்ன கொறச்சல்?’ என்று கேட்காதீர்கள். ‘பிள்ளைங்க மொகத்தப் பாரு’ என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஏற்கெனவே பாரம் என்று நினைப்பவரின் குற்ற உணர்வில் அது இன்னொரு கல்லைத் தூக்கி வைக்கிறது. கோயிலுக்குப் போவதும் மந்திரிப்பதும் அவரவர் நம்பிக்கை, தடுக்க வேண்டியதில்லை. ஒரு மண்டலம் முடியட்டும் என்று 48 நாள் மருத்துவரைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்ட வீடுகளில், உரமும் பயிர் மருந்தும் படுக்கும் அறையிலேயே அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். இதை மாற்றுவது எந்த அறிவுரையையும் விடப் பெரிய காரியம். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. இலங்கை அரசு கொடிய பயிர் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1990-களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. நம் மாநிலத்தில், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்ததும் நடந்திருக்கிறது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்யலாம். அதுவரை, அன்றைய தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்கட்டும். வீட்டில் மனம் தளர்ந்தவர் இருந்தால் மருந்து பக்கத்துத் தோட்டத்தில் இருக்கட்டும். பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஒருவர் எதையாவது உட்கொண்டுவிட்டார் என்று தெரிந்தால் உடனே 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மேலே சிந்தியிருந்தால் துணியைக் களைந்து கழுவுங்கள். புட்டியையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். ‘இப்ப நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவரே சொன்னாலும் போயே ஆக வேண்டும், சிலவற்றின் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியும்.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பெயர் தெரியாத கிளினிக்கில் மறைத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்று இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் காவல் துறைக்குத் தகவல் போகும், வாக்குமூலம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

எங்கே போவது? கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்தக் குழு உங்கள் ஊர்ப் பக்கம் எந்த நாளில் வருகிறது என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். போவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வாரமாக, எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பாடு எப்படி, குடி உண்டா, வேறு என்ன மாத்திரை, சாவைப் பற்றிச் சொன்ன வார்த்தை என்ன. கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது, வயிற்றுவலியில் தொடங்கினால் வயிற்றுவலியிலேயே முடிந்துவிடும். சாவு நினைப்பு இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை எழுதினால் அதையும் செய்யுங்கள், அவையும் இதே சோர்வைத் தரும்.

மருந்து நின்றுபோவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ‘பத்து நாள் தின்னேன், ஒண்ணும் கேக்கல’ என்பார்கள். பத்து நாளில் கேட்காது. முதல் வாரம் குமட்டலும் தலைக் கனமும்தான் தெரியும். தூக்கம் முதலில் சீராகும், மனசு தெளிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மனசு தெளிவதற்கு முன் உடம்பில் தெம்பு வரும் இடைப்பட்ட நாட்களில் ஆபத்து கூடும். 25 வயதுக்குக் கீழானவர்களை முதல் சில வாரம் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரு வாரத்து மாத்திரையை மட்டும் வெளியே வைத்து, மீதியை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாக. இந்த மாத்திரைகள் சாராயம் போலப் பழக்கம் ஆகிவிடும் என்பது வெறும் பயம்.

மாத்திரை கடனை அடைக்காது. வாரத் தவணைக்காரர் வந்து வாசலில் நிற்பதையும், தென்னை வாடலையும் அது நிறுத்தாது. ஆனால் சோர்ந்த மனசுக்கு வழி இருந்தாலும் தெரிவதில்லை. ஆகவே கணக்கு நோட்டை எடுத்து மச்சான், பங்காளி யாராவது ஒருவர் கூட உட்கார வேண்டும். தோட்டத்தை விற்பது போன்ற பெரிய முடிவுகளை மனசு தெளியும் வரை தள்ளி வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. வெட்கத்தில் வீடு கதவைச் சாத்திக்கொள்கிறது, சொந்தம் விசாரிக்கத் தயங்கி ஒதுங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாட்டு ஊர்களில் நடத்திய ஆய்வில், முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிவிட்டு, பிறகு ஒன்பது முறை தொடர்பு கொண்டார்கள்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும். நேரில் அல்லது போனில், எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. அதற்கே இறப்பு கணிசமாகக் குறைந்தது. காலண்டரில் ஒன்பது தேதிகளைக் குறித்துக்கொள்ள யாராலும் முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடு தேடி வருபவர்கள், ‘ரெண்டு வாரமா மனசு கனமா இருக்குதுங்ளா, எதுலயும் ஆசை இல்லாம இருக்குதுங்ளா’ என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்க அரசு உத்தரவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-லேயே வழிகாட்டிவிட்டது: இறந்த முறையை விவரிக்காதீர்கள், முதல் பக்கத்தில் பெரிதாகப் போடாதீர்கள். ஒரே காரணத்தால் நடந்ததாகவும் எழுதாதீர்கள் என்று நாங்கள் கேட்கிறோம். ‘வயிற்றுவலி’ அந்த ஒரே காரணம். காவல் நிலையக் குறிப்பில் அது இருந்தாலும் செய்தியில் விட்டுவிடலாம். அந்த இடத்தில், இப்படிப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் கீழே, கட்டம் கட்டி இதைப் போடுங்கள்:

‘மனசு கனக்கிறதா, சாவு நினைப்பு வருகிறதா? 14416-க்கு எந்த நேரமும் அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.’

இப்படிக்கு,
மனநலச் சேவையில் உள்ள வாசகர்கள்,
ஈரோடு மாவட்டம்.