கம்பெனி சப்வூஃபரை மாற்றுமுன் மீட்டரை எடு

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. பெண்ணுக்குக் கேட்ட காலேஜிலேயே இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா முழங்காலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன். இப்போது உன் வண்டிக்கு வருவோம்.

டிக்கியின் பக்கவாட்டுப் பேனலுக்குள் கம்பெனி வைத்த 8 இன்ச் சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) போதவில்லை. ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் காதுக்குக் கேட்கிறது, உடம்புக்கு வரவில்லை என்கிறாய். அதே இடத்தில் பிராண்டட் 8 இன்ச் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். அதை மட்டும் செய்யாதே. பெரும்பாலும் இருப்பதைவிடச் சத்தம் குறையும்.

காரணம் ஓம் (மின்தடை) கணக்கு. கம்பெனி ஆம்புக்குள் (ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) பேட்டரி வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட் பொதுவாக இருக்காது. என்ஜின் ஓடும்போது கிடைக்கிற 14.4 வோல்ட்தான் அதன் உச்சம். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் தள்ள முடிந்தது கணக்குப்படியே 26 வாட், 2 ஓமில் 52 வாட். அதனால்தான் கம்பெனிக்காரன் ஸ்பீக்கரில் 2 ஓம் காயில் (கம்பிச் சுருள்) வைக்கிறான், சில வண்டிகளில் அதற்கும் கீழே. வெளியில் வாங்குவது 4 ஓம் என்றால் பவர் அந்த இடத்திலேயே பாதி, அதாவது 3 டெசிபெல் போச்சு. போதாததற்கு வெளிச் சப்பின் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) கனம், சஸ்பென்ஷன் விறைப்பு. 300 வாட் தாங்குவதற்காகச் செய்தது. 25 வாட்டில் அதற்குத் தூக்கமே கலையாது. சென்சிடிவிட்டி (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) இன்னொரு 3 டெசிபெல் குறைவு என்று வைத்தால், நாலில் ஒரு பங்கு பவரில் பழைய ஸ்பீக்கரை ஓட்டியதற்குச் சமம். அட்டையில் எத்தனை வாட் அச்சடித்திருந்தாலும் அது தாங்குகிற அளவுதான், கொடுக்கிற அளவு இல்லை.

ஆகவே முதலில் ஒரு மல்டிமீட்டர். சாதாரணமானதே போதும்.

டிக்கி பேனலின் கிளிப்புகளை பிளாஸ்டிக் நெம்பியால் எடு. ஸ்க்ரூடிரைவர் போட்டால் கிளிப் உடையும், பேனலில் தழும்பு விழும். சப்பின் சாக்கெட்டைக் கழற்றி, ஸ்பீக்கர் முனைகளில் ஓம் அளந்து பார். 1.6 முதல் 1.9 வரை காட்டினால் 2 ஓம் ஸ்பீக்கர், 3.2 முதல் 3.7 என்றால் 4 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் காட்டும் 0.2, 0.3-ஐக் கழித்துக்கொள், இவ்வளவு சின்ன அளவில் அது பெரிய வித்தியாசம். நாலு வயர் வந்தால் இரட்டைக் காயில். இரண்டையும் தனித்தனியாக அள.

அடுத்த அளவுதான் முக்கியம், கடையில் யாரும் இதைச் செய்து காட்டுவதில்லை. 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை வேவ் ஃபைலாக பென் டிரைவில் போடு, புளூடூத் வேண்டாம். பேஸ், ட்ரெபிள் பூஜ்யம். வேகத்துக்கு ஏற்ப சத்தம் கூடும் வசதி இருந்தால் அணைத்துவிடு. சப்பைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, அதன் வயரில் ஏசி வோல்ட் பார். 50 ஹெர்ட்ஸ் என்பது வீட்டுக் கரண்டின் அதிர்வெண்தான், அதனால் விலை குறைந்த மீட்டரும் இங்கே பொய் சொல்லாது. வால்யூமை இரண்டிரண்டு படியாக ஏற்றி ஒவ்வொன்றையும் குறித்துக்கொள். ஒரு படிக்குப் பத்து விநாடிக்கு மேல் டோனை ஓடவிடாதே, காயில் சூடாகும்.

வோல்ட் ஏறிக்கொண்டே போய் 9, 10 பக்கம் நின்றால் ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிட்டது, 14.4 வோல்ட்டிலிருந்து சுத்தமாக வரக்கூடியது 10.2 தான். 3, 4 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், அல்லது வால்யூமை ஏற்ற ஏற்ற இறங்கினால், ஸ்டீரியோவே பேஸை வெட்டுகிறது என்று அர்த்தம். சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்கக் கம்பெனி போடும் பூட்டு அது. இந்தப் பூட்டு இருக்கும்வரை எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அதிகச் சத்தத்தில் பேஸ் காணாமல்தான் போகும். ஸ்பீக்கர் வயரின் சிக்னலை வெளி ஆம்புக்கு ஏற்ப மாற்றி, வெட்டிய பேஸையும் திருப்பிக் கொடுக்கும் லைன் கன்வெர்ட்டர் வேண்டும். ஆடியோகண்ட்ரோல் எல்சி2ஐ-யில் அக்யூபேஸ் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. பட்ஜெட் இருந்தால் டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் பெட்டி). வெட்டு இல்லையென்றால் வெளி ஆம்பின் ஹை-லெவல் இன்புட்டே (ஸ்பீக்கர் வயரை நேராக மாட்டும் இடம்) போதும், கன்வெர்ட்டர் வீண்செலவு.

இதற்கு நடுவே காசே ஆகாத ஒரு வேலை உண்டு. 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் டோனை ஓடவிட்டு, ஒருவர் பின்னால் நின்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட், ஜாக்கி, ஸ்பேர் வீல் மூடி, பார்சல் ட்ரே, டிக்கிக் கதவின் உள்பேனல் எல்லாம் ஒவ்வொரு அதிர்வெண்ணில் லொடலொடக்கும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப், கிளிப்புகளுக்கு ஃபெல்ட் துணி. டிக்கிக் கதவின் தகரத்துக்கு 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டு. தகரத்தில் கால்வாசி மூடினாலே அதிர்வு அடங்கிவிடும், முழுக்க ஒட்டுவது கடைக்காரருக்கு லாபம். தார் கலந்த மலிவு ஷீட் மட்டும் வேண்டாம், சித்திரை வெயிலில் இளகி நாறும்.

சரி, இதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் ஆம்பும் பெட்டியும். ஸ்பீக்கர் கடைசி.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். நீ கேட்கும் பாட்டுகளுக்கு அதற்குக் கீழே பெரிதாக வேலையில்லை. ஆகவே டிக்கியை அடைக்கும் 12 இன்ச் போர்ட்டட் (காற்றுத் துளை வைத்த) பெட்டி உனக்குத் தேவையே இல்லை. கண்ணாடி ஏற்றிய கார், தாழ்ந்த சுரங்களைத் தானே தூக்கிக் கொடுக்கும்: சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் பக்கம். மூடிய பெட்டி அதே இடத்தில் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இறங்குகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டும். டிக்கியும் கேபினும் ஒன்றாக இருக்கும் உன் மாதிரி எஸ்யூவியில் இந்த லாபம் முழுசாகக் கிடைக்கும்.

பெட்டியின் அளவை மட்டும் கணக்குப் போடாமல் விடாதே. உதாரணத்துக்கு ஒரு 8 இன்ச், ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள்: எஃப்எஸ் (அது தானாக அதிரும் அதிர்வெண்) 35 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (அதன் சஸ்பென்ஷனுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) 20 லிட்டர், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்கும் என்ற அளவு) 0.45. விஏஎஸ்ஸைப் பெட்டிக் கொள்ளளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடு. அதால் க்யூடிஎஸ்ஸைப் பெருக்கு. 10 லிட்டர் பெட்டியில் 0.78 வரும், 14 லிட்டரில் 0.70. 0.7-ஐ ஒட்டி இருந்தால் அடி சுத்தமாக விழுந்து உடனே நிற்கும். 1-ஐத் தாண்டினால் எல்லா நோட்டும் ஒரே ‘தும்’. கம்பெனியின் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியில் புது ஸ்பீக்கரை அடைத்தால் அதுதான் நடக்கும். கொள்ளளவும் பத்தாது, சுவரும் சேர்ந்து அதிரும்.

ஆசாரியிடம் உள்ளளவு 30 x 28 x 18 சென்டிமீட்டர் என்று சொல். 15 லிட்டர் வரும், ஸ்பீக்கரின் உடம்பு ஒரு லிட்டர் சாப்பிட்டுவிடும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) வழக்கம்தான். ஆனால் சென்னைக் காற்றுக்கும் டிக்கியில் சிந்தும் தண்ணீருக்கும் அது ஊதும், அதனால் மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என் தேர்வு. மூலைகளில் உள்பக்கம் ஃபெவிகாலைத் தாராளமாக இழுக்கச் சொல். விரலால் கோனை மெல்ல அழுத்தி விட்டால் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று வந்தால் காற்று கசிகிறது.

ஆம்ப் 300 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் கொடுக்கும் பவர்), கிளாஸ் டி (சூடாகி வீணாவது குறைந்த வகை). வாங்குவது இரட்டை 4 ஓம் காயில் சப் என்றால் இரண்டையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8. இரட்டை 2 ஓமைப் பேரலலாகப் போட்டால் 1 ஓம். ஆம்ப் அதற்குத் தோதா என்று பார்க்காமல் இணைத்தால் புரொடெக்‌ஷன் விளக்கு எரியும், அல்லது ஆம்பே எரியும்.

300 வாட்டுக்கு, 80 சதவீதத் திறனில், உச்சத்தில் 27 ஆம்பியர் இழுக்கும். முழுச் செம்பில் 8 கேஜ் வயர், 5 மீட்டர்: இழப்பு 0.3 வோல்ட்டுக்குள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ‘ஆம்ப் கிட்’ என்று கண்ணாடிக் கவரில் தொங்குபவற்றில் பல, செம்பு முலாம் போட்ட அலுமினியம். தடிப்பான ரப்பர் உறைக்குள் ஒல்லியான கம்பி. நுனியை பிளேடால் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிடு. 40 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். அது ஆம்பைக் காப்பாற்ற இல்லை, உரசிப் போன வயர் தீப்பிடிக்காமல் காப்பாற்ற. தகரத்தில் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்று.

எர்த்துதான் பாதிப் பிரச்சினைகளின் பிறப்பிடம். டிக்கிக்குள்ளேயே, அரை மீட்டருக்குள், பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகு லக் வைத்து முடுக்கி, மேலே வாசலின் தடவு. சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதே. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு நேராகவும் இழுக்காதே. அங்கே கரண்ட்டை அளக்கும் சென்சார் இருந்தால் அதன் கணக்கு குழம்பும். ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ‘கூய்ய்’ என்று சத்தம் வந்தால் முதலில் இந்த எர்த்தைப் பார், பிறகு ஆர்சிஏ வயர் (ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவருவது) பவர் வயரோடு ஒரே பக்கம் ஓடுகிறதா என்று பார்.

சிக்னல் எடுக்கும்போது கம்பெனி வயரை வெட்ட வேண்டாம். உன் மாடலுக்கு டி-ஹார்னஸ் (கம்பெனி சாக்கெட்டுகளுக்கு நடுவே மாட்டும் கிளை வயர்) கிடைத்தால் வாங்கு. வாரண்டியில் வயரிங் தகராறு வராது. சில கம்பெனி ஆம்ப்கள் சப் கழன்றதும் ‘லோடு இல்லை’ என்று அந்தச் சேனலையே மூடிவிடும். அப்போது ரிச்சி தெருவில் 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி அந்த வயரின் குறுக்கே போட்டால் ஏமாந்துவிடும். அது சுடும், பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வை. இன்னொன்று: என்ஜின் இரைச்சலை ஸ்பீக்கர் வழியாகவே அடக்கும் வசதி உன் வண்டியில் இருந்தால், பெரிய சப் போட்டதும் பாட்டே இல்லாமல் ‘ஹூம்’ என்று முழங்கும். அந்த வசதிக்காகக் கேபினில் வைத்த மைக்கின் இணைப்பை எடுத்தால் நின்றுவிடும்.

ஆம்பின் கெயின் குமிழை (வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது) வால்யூம் மாதிரி திருகுகிறவர்களால்தான் காயில் கருகுகிறது. சப்பைக் கழற்று. பேஸ் பூஸ்ட் பூஜ்யம். 6 டெசிபெல் பூஸ்ட் வைத்தால் ஆம்பிடம் நாலு மடங்கு பவர் கேட்பதாகும். அதே 50 ஹெர்ட்ஸ் டோன், ஸ்டீரியோ வால்யூம் முக்கால் அளவு. ஆம்ப் வெளியீட்டில் ஏசி வோல்ட் 24.5 வரும்வரை கெயினை ஏற்றி நிறுத்து: 300 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம். லோ பாஸ் (அதற்கு மேலான சுரங்களை வெட்டும் ஃபில்ட்டர்) 80 ஹெர்ட்ஸ். பிறகு சப்பை மாட்டி, 80 ஹெர்ட்ஸ் டோனில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேள்; பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டு மறுபடி கேள். எது சத்தமோ அதுவே சரி, வயரின் நிறம் என்ன சொன்னாலும்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிகல் ஆக்சஸரீஸ் பகுதியில் பில் மதிப்பைக் காட்டிவிடு, கொஞ்சம் பிரீமியம் கூடும்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆக்டிவ் சப் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) பற்றியும் கேட்டிருந்தாய். இடம் மிச்சம், வேலை சுலபம். ஆனால் பின்சீட்டுக்குப் போகும் ஏசி காற்று வழியை அடைக்கிறதா பார், சீட்டடியில் மஞ்சள் சாக்கெட் இருந்தால் அது ஏர்பேக், தொடவே கூடாது. 41 ஹெர்ட்ஸை அது உனக்குத் தராது.

ஓம் அளவையும், வால்யூம் படிக்கு எத்தனை வோல்ட் என்ற பட்டியலையும் எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
பாலு